மேல் அண்ணத்தில் ஒரு மஞ்சள் சட்டை

1

மனித குலத்தின் வரலாறு வாளால் எழுதப்பட்டதல்ல, பந்தால் எழுதப்பட்டது. ஒரு தேசத்தின் ஆன்மாவை அறிய விரும்புகிறவன் அதன் சாசனங்களைப் புரட்ட வேண்டாம். தொண்ணூறு நிமிடம் அதன் பதினொரு பேரைப் பார்த்தால் போதும்.

இந்த மூன்று வரியையும் எழுதிவிட்டு, கம்பீரம் போதுமா என்று பார்க்கச் சத்தமாகப் படித்தேன். 'தேசத்தின் ஆன்மா' வருகிற இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. அப்போது எனக்கு மேல்வரிசையில் முன்பற்கள் நான்கு இல்லை. தவிர, நான் கால்பந்து பார்க்கிறவனும் இல்லை. ஆப்சைடு என்றால் என்னவென்று மூன்று நண்பர்கள் மூன்று தடவை சாப்பாட்டு மேஜையில் டம்ளர்களை நகர்த்தி விளக்கியிருக்கிறார்கள். மூன்று தடவையும் "ஓ, அப்படியா" என்றேன். டம்ளர்களைப் பற்றி இப்போது எனக்கு நிறையத் தெரியும்.

பிறகு எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். இந்தக் கதை என் சிந்தையில் உதித்ததல்ல, வாயில் விழுந்தது. பல் செட்டுக்கு அச்சு எடுக்கப் போயிருந்தேன். ஒரு தட்டில் குளிர்ந்த மாவு மாதிரி எதையோ நிரப்பி மேல் தாடையில் அழுத்துவார்கள். அது இறுகுகிறவரை யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மருத்துவருக்கு அந்த நேரம் பார்த்துத் தவறாமல் போன் வரும். உடனே பின்னறையிலிருந்து பல் செட் செய்கிறவரைக் கூப்பிட்டு என் வாயை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார்.

இன்னொருவன் வாயில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு சங்கடம்! ஆகவே அவர் பேசினார். என்னால் பேச முடியாது. முதல் அச்சு, இரண்டாம் அச்சு, கடி பார்ப்பது, மெழுகில் வைத்துப் பார்ப்பது, கடைசியில் போட்டு அனுப்புவது என்று ஐந்து முறை போனேன். கதை அந்தத் துண்டுகளாகத்தான் வந்தது. படிக்கும்போது உங்களுக்கு வரப்போகிற கேள்விகள் எல்லாம் எனக்கும் வந்தன. வாயில் மாவு இருந்தது.

முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி: "சாருக்கு எந்த டீம்?"

"ம்ம்" என்றேன்.

"நெனச்சேன்" என்றார். என்ன நினைத்தார் என்பது இன்றுவரை தெரியாது.

2

'விளக்குகள் எரிந்தன. பச்சைப் புல்வெளியில் எண்பதாயிரம் தொண்டைகள் ஒரே மூச்சில்—'

[இப்படி ஒரு தொடக்கம் எழுதிப் பார்த்தேன். விட்டுவிட்டேன். எண்பதாயிரம் பேருக்கு நான் எங்கே போவது? இந்தக் கதையில் மொத்தம் நான்கு பேர்தான். அதிலும் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.]

முதலாமவர், என் வாயைப் பிடித்தவர். பல்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஐம்பத்து மூன்று வயது. விரல் நுனிகளில் எப்போதும் வெள்ளைப் பொடி. யார் சிரித்தாலும் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார். இந்தக் கதை அவர் பக்கத்திலேயே நடக்கும்.

இரண்டாமவர் லிஃப்ட் மெக்கானிக். பல்காரருக்கு இளவயதிலிருந்தே சிநேகிதர். பிறகு அவருடைய தங்கையைக் கட்டிக்கொண்டதால் மாப்பிள்ளை. மூன்றாவது, அந்தத் தங்கை. பரீட்சை அலுவலகத்தில் வேலை. திருத்தின விடைத்தாள்களைச் சரிபார்க்கும் பிரிவு. நான்காமவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். அவரை எல் போர்டு என்பார்கள். சென்ற கோப்பையை எந்த நாடு வென்றதோ அந்த நாட்டின் பரம்பரை ரசிகர்.*

* நாடுகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் இப்போதே கட்சி பிரிந்துவிடுவீர்கள். சட்டை நிறம் போதும். பல்காரர் மஞ்சள். மாப்பிள்ளை கோடு போட்ட சட்டை. இவ்வளவு சொன்னதே சிலருக்கு ரத்தம் சூடாகியிருக்கும்.

இவர்கள் நால்வரும் சேர்ந்ததுதான் 'அனைத்துலகக் கால்பந்து முன்மதிப்பீட்டு மன்றம்'. பெயர் எல் போர்டு வைத்தது. ரப்பர் ஸ்டாம்பும் உண்டு. நான்கு வருஷத்துக்கு ஒரு முறை, பெரிய போட்டி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்காரரின் பின்னறையில் மன்றம் கூடும். எல்லா அணிகளையும் எடைபோட்டு நூற்றுக்கு மதிப்பெண் போடும். இந்த மதிப்பெண் இதுவரை எந்த அணியையும் எட்டியதில்லை. எந்த அணியும் அதனால் கவலைப்பட்டதாகத் தகவல் இல்லை.

பின்னறை எப்படியிருக்கும் என்றால், மூன்று சுவரிலும் அலமாரி. அலமாரி நிறையப் பிளாஸ்டர் தாடைகள். ஊரில் பாதிப் பேருடைய வாய் அங்கேதான் இருக்கிறது. மன்றம் கூடும்போது இந்தத் தாடைகளை எடுத்து மேஜையில் அணிவகுத்து நிறுத்துவார்கள். பின்னால் நான்கு, நடுவில் நான்கு, முன்னால் இரண்டு. கோல் கீப்பராக எப்போதும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் மேல் தாடையை வைப்பது வழக்கம். இருப்பதிலேயே அகலமானது அதுதான். பெரிய பெரிய தீர்ப்பு வழங்கிய வாய் இடமும் வலமும் தாவித் தாவிப் பந்து பிடிக்கும். நடுக்களத்தில் மாப்பிள்ளையின் தாடை. அது எந்த அணிக்காகவும் ஆடும்.

மன்றத்துக்கு ஒரே ஒரு விதி. அது தங்கை போட்டது.

"பெத்தவங்க பிள்ளையோட பேப்பரைத் திருத்தக்கூடாது. எங்க ஆபீஸ்ல அப்படித்தான். அண்ணன் கோட்டுக்கு மார்க் போடணும். நீங்க மஞ்சளுக்குப் போடணும். வெறும் மார்க் இல்ல. ஏன்னு அஞ்சு நிமிஷம் பேசணும். அந்த அஞ்சு நிமிஷம் அடுத்தவர் வாயைத் திறக்கக்கூடாது."

"அப்ப நான்?" என்றார் எல் போர்டு.

"நீங்க ஸ்டாம்ப் வைங்க."

முதல் கூட்டத்தில் மாப்பிள்ளை மஞ்சளுக்குப் பதினெட்டு போட்டார். பல்காரர் கோட்டுக்குப் பதினேழு. அதன்பின் இருவரும் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை. இந்த மனிதர்களைத்தான் நான் அன்பு பற்றி எழுதத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

3

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு கட்டிடத்தில் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கியபோது மாப்பிள்ளையின் கால் வழுக்கியது. அடியில் பெரிய சுருள் கம்பி ஒன்று நிற்கும். லிஃப்ட் அறுந்து விழுந்தால் தாங்குவதற்கு. லிஃப்ட் விழவில்லை. அவர் விழுந்தார். மேலே முன்பற்கள் நான்கு போயின.

[எனக்கும் அதே நான்குதான். இது தற்செயல். அலங்காரத்துக்காகச் சேர்த்ததல்ல. சேர்த்திருந்தால் இன்னும் நல்ல பற்களாகச் சேர்த்திருப்பேன்.]

மறுவாரம் பல்காரர் அவரை அச்சு எடுக்கத் தன் வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறார். வழியில் மாப்பிள்ளைக்குப் போன். பக்கத்துத் தெருவிலேயே ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வயதான அம்மாள், தனியாக. "விடுப்பில இருக்கேன்னு சொல்லு" என்றார் பல்காரர். மாப்பிள்ளை வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவதில் மாப்பிள்ளையை மிஞ்ச ஆள் கிடையாது. கதவிடுக்கில் வாயை வைத்து, ஏதோ பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி, "உள்ள யாரு? சரி, பத்து நிமிஷம். அதுவரைக்கும் சொல்லுங்க, உங்களுக்கு எந்த டீம்?" என்று தொடங்குவார். அழுதுகொண்டிருந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். சண்டை பாதியில் இருக்கும்போது கதவு திறந்துவிடும். முடிக்க முடியவில்லையே என்ற குறையோடு வெளியே வந்தவர்கள் உண்டு.

அன்றைக்கு அவர் கதவிடுக்கில் குனிந்து பேசினார். பேச்சு வரவில்லை. வழவழவென்று ஏதோ வந்தது.

"யாரு? யாருப்பா அது?" உள்ளே அந்த அம்மாளுக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது. "வேற யாராவது இருந்தா வரச்சொல்லுங்க!"

மாப்பிள்ளை மறுபடி சொன்னார். மறுபடியும் அதே. கடைசியில் பல்காரர் குனிந்து, "பத்து நிமிஷத்துல தொறந்துருவாராம்மா" என்று கத்தினார். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை. படியேறி மேலே இயந்திர அறைக்குப் போனார். ஒன்பதாவது நிமிஷம் கதவு திறந்தது. அந்த அம்மாள் பல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பல்காரர் பின்னறையில் தனியாக உட்கார்ந்து அந்தப் பல் செட்டைச் செய்யத் தொடங்கினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நட்பு என்பது ஒரு—

[அடித்துவிட்டேன். கலங்கியதாக அவர் சொல்லவில்லை. "அன்னைக்கு மெழுகு சரியா உருகல சார்" என்று மட்டும் சொன்னார். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.]

பல் செட்டுகளுக்குள் ஒரு துண்டுச் சீட்டைப் புதைத்து வைப்பது அந்தத் தொழிலில் உண்டு. நம்பரோ பேரோ எழுதி, ஈறு நிறப் பூச்சுக்கு அடியில், அண்ணத்தில் ஒட்டுகிற பக்கமாக வைப்பார்கள். முதியோர் இல்லங்களில் ஒருவர் பல் இன்னொருவர் வாய்க்குப் போய்விடாமல் இருக்க. மாப்பிள்ளைக்கு அதெல்லாம் தேவையே இல்லை. ஆனால் அன்றைக்கு மேஜையில் விரித்திருந்த செய்தித்தாளில் மஞ்சள் அணியின் படம் இருந்தது. பல்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். முதுகில் பத்து என்று போட்ட ஒரு மஞ்சள் சட்டையை, பொத்தானில் பாதி அளவுக்கு வெட்டினார். உள்ளே வைத்தார். மேலே பூச்சு கொடுத்தார்.

ஏன் செய்தார்? முதல் வரைவில் இங்கே ஒன்றரைப் பக்கம் மனோதத்துவம் எழுதியிருந்தேன். அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எதாவது செய்யணும்போல இருந்துச்சு சார். கட்டிப் பிடிச்சா அவன் அடிப்பான்."

ஒரு வாரம் கழித்துப் பல்லைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்து, தெளிவாக, ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னார்:

"மஞ்சளுக்கு இந்த வருஷம் தற்காப்பே கிடையாது மச்சான்."

4

ஒரு வருஷம் கழித்துப் பெரிய போட்டி வந்தது. கோடு போட்ட சட்டைக்காரர்கள் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். அதுவும் எப்படி? தொண்ணூற்று மூன்றாவது நிமிஷம், தங்கள் வலைக்குள் தாங்களே தலையால் முட்டி.

பல்காரர் அன்று தங்கை வீட்டில்தான் இருந்தார். கேலி செய்வதற்கென்றே நான்கு வருஷமாகச் சேர்த்துவைத்த வசனங்கள் அவரிடம் இருந்தன. வாயைத் திறக்கப் போனவர், மாப்பிள்ளை பல்லைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பதைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"இந்தப் பல்லு வந்ததுலேருந்து எங்களுக்கு ஆகல மச்சான்."

இதைப் பல்லில்லாத வாயால் சொன்னார். ஆனாலும் பல்காரருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

மூன்று நாள் மாப்பிள்ளை பல் போடவில்லை. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டார். "பல்லப் போட்டாத்தானே பேசணும்" என்றார். தினமும் பல்காரர் போய் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் எதையும் பெரிதாகக் காட்டும். பல் குப்புறக் கிடந்தது. மஞ்சள் தெரிகிறதா இல்லையா என்று எந்தக் கோணத்தில் எட்டிப் பார்த்தாலும் சொல்ல முடியவில்லை.

"என்னண்ணே டம்ளரையே பாக்குறீங்க? தாகமா?" என்றாள் தங்கை.

படித்தவர், தொழில் தெரிந்தவர், ஒரு துண்டுக் காகிதம் பந்தைத் திசைதிருப்பும் என்று நம்புவாரா என்று கேட்பீர்கள். நானும் மனதுக்குள் கேட்டேன். ஒன்று சொல்கிறேன்: கால்பந்து பார்க்கிற எந்த மனிதனும் தான் உட்கார்ந்த நாற்காலிக்கும் கோலுக்கும் சம்பந்தம் இல்லை என்று மனப்பூர்வமாக நம்பியதில்லை. எல் போர்டு மூன்று போட்டிகளை இடதுகாலில் நின்றபடி பார்த்தவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க அரசாங்கம் அவருக்கு உரிமம் கொடுத்திருக்கிறது.

ஆகவே பல்காரர் அதற்கப்புறம் நான்கு வருஷமாக ஒரு கல்லைச் சுமந்தார். சொன்னால் மாப்பிள்ளை சிரிப்பாரா, அல்லது தான் விழுந்த நாளையும் அந்த அம்மாள் பயந்ததையும் வைத்து விளையாடிவிட்டதாக நினைப்பாரா? விஷயம் இரண்டாவது மாதிரிப் போனால், தங்கை வீட்டு வாசல் மட்டுமல்ல, அங்கே மேட்ச் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும். அவருக்கு வேறு ஞாயிற்றுக்கிழமைகள் கிடையாது.

இந்த வருஷப் போட்டிக்கு முன்னால் ஒரு முடிவுக்கு வந்தார். அலமாரியில் மாப்பிள்ளையின் தாடை இருக்கிறதே, அதை வைத்துப் புதிதாக ஒரு செட் செய்வது. அதில் கோடு போட்ட சட்டையை வைக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். கடைசியில் எதையும் வைக்கவில்லை. நம்பர்கூட இல்லை. சுத்தமான செட். "பழசு தேஞ்சிருச்சு, இதப் போட்டுக்க" என்று கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி உடைத்துப் போட்டுவிட்டால் கதை முடிந்தது.

(கதை முடிந்தது என்று அவர் நினைத்தார். எனக்கு இன்னும் இரண்டு தடவை மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது.)

5

மன்றம் கூடியது. புதுப் பல் செட் ஒரு சின்ன டப்பாவில், பல்காரரின் சட்டைப் பையில். தங்கை நீள நோட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து வைத்தாள். எல் போர்டு ஸ்டாம்புக்கு மை தொட்டார்.

வெள்ளை, ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தன. ஆரஞ்சுக்கு அறுபத்திரண்டு. "அழகா ஆடுவான், கோப்பையை மட்டும் தொடமாட்டான், கண்காட்சிக்கு வந்தவன் மாதிரி." வெள்ளைக்கு எழுபது. "மிஷின். எண்ணெய் போட்டா ஓடும்." இதைச் சொன்னது மாப்பிள்ளை. இயந்திரங்கள் விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை.

"இப்ப கோடு" என்றாள் தங்கை. "அண்ணே, நீங்க."

பல்காரர் எழுந்தார். ஐந்து நிமிஷம் பேசினார். கோட்டின் தற்காப்பு மலை என்றார். நடுக்களம் நதி என்றார். கோல் கீப்பரைச் சொல்லும்போது நீதிபதியின் தாடையைத் தொட்டுக் கும்பிட்டார். மாப்பிள்ளை விதிப்படி வாயைத் திறக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்க்கு?"

"தொண்ணூத்தேழு."

தங்கை பேனாவை மூடினாள். நோட்டில் நான்கு பக்கம் பின்னால் போனாள். "போன தடவை நீங்க போட்டது நாப்பத்திரண்டு. அதே ஆளுங்கதான். நாலு வயசு கூடிருக்கு. எப்படிண்ணே தொண்ணூத்தேழு?"

"முன்னேறிருக்காங்க."

"எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு பேப்பர் வந்தா முதல்ல பேப்பரைப் பாக்க மாட்டோம். திருத்தினவரைக் கூப்பிட்டு விசாரிப்போம்."

"பத்துக் குறைச்சுக்க."

"பாத்தீங்களா! பேரம் வேற!"

எல் போர்டு இதை நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்க வேண்டுமா என்று கேட்டார்.  கடைசியில் எண்பத்தைந்தில் நின்றது. பல்காரருக்கு நெற்றியில் வேர்த்திருந்தது.

பிறகு மாப்பிள்ளை எழுந்தார். மஞ்சள்.

[இந்தப் பேச்சை நான் கொஞ்சம் அலங்கரிக்க நினைத்தேன். முடியவில்லை. பல்காரர் சொன்னபடியே தருகிறேன். மெழுகு பொருந்தாமல் அன்றைக்குப் புதிதாக அச்சு எடுத்தார்கள்; சொல்லும்போது அவர் விரலை ஆட்டிவிட்டார். அச்சு கெட்டுப்போய் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.]

"லிஃப்ட்ல மாட்டிக்கிறவங்க ரெண்டு வகை. ஒருத்தன் கதவ உதைப்பான். இன்னொருத்தன் பாட்டுப் பாடுவான். எங்காளுங்க உதைக்கிற ரகம். தோத்தா சட்டையக் கிழிச்சுக்குவான். மஞ்சள் பாடுற ரகம். எண்பத்தெட்டாவது நிமிஷம், ரெண்டு கோல் பின்னாடி இருப்பான். அப்பவும் பந்தைக் குதிகாலால தட்டி விட்டுட்டுச் சிரிப்பான் பாரு, எனக்குப் பத்திக்கிட்டு வரும். முன்னாடியெல்லாம் திமிருன்னு நெனச்சேன். திமிர் இல்ல. பக்கத்துல இருக்கிறவன் பயந்துடக்கூடாதுன்னு சிரிக்கிறான். அது தெரிஞ்ச டீமு அது." உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். "திட்டணும்னு நெனச்சாலும் மஞ்சளைத் திட்ட வாயே வரமாட்டேங்குது. கொஞ்ச வருஷமாவே அப்படித்தான். தொண்ணூத்தொண்ணு."

பல்காரரின் முழங்கை பட்டு நீதிபதி மேஜையிலிருந்து விழுந்தார். உடையவில்லை.

தங்கை நோட்டைப் பார்க்காமல் எழுதினாள். பழைய மதிப்பெண்ணை ஒப்பிடவில்லை. ஏன் இப்படி என்று கணவரைக் கேட்கவும் இல்லை.*

* இந்த இடத்தில்தான் தங்கை என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பதினெட்டிலிருந்து தொண்ணூற்றொன்று. அண்ணனை விசாரித்தவள் புருஷனை ஏன் விட்டாள்? அந்த வீட்டில் டம்ளரைக் கழுவுகிறவள் யார்?

எல் போர்டு ஸ்டாம்ப் வைத்துவிட்டுப் போனார். தங்கை தாடைகளை அலமாரியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பல்காரர் டப்பாவை நீட்டினார்.

"என்ன மச்சான் இது?"

"புதுசு. பழசு தேஞ்சிருக்கும். இதப் போட்டுக்கிட்டு அதக் குடுத்துரு."

மாப்பிள்ளை டப்பாவைத் திறந்தார். செட்டை வெளியே எடுத்தார். பற்களைப் பார்க்கவில்லை. அதைத் திருப்பி, அண்ணத்தில் ஒட்டுகிற பக்கத்தை, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"அப்புறம் அவன் சொன்னான் சார்—"

மருத்துவர் போன் பேசி முடித்து வந்துவிட்டார். "இறுகிடுச்சா?" என்றார். தட்டை உருவினார். மேல் தாடையே கையோடு வருகிற மாதிரி இருந்தது. பல்காரர் அச்சை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார்.

6

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இருக்கிறதை வைத்து மூன்று செய்து பார்த்தேன்.

முதல் முடிவு: மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. செட்டைத் திருப்பிப் பார்த்தது வெறும் மெக்கானிக் புத்தி. எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். "நல்லாருக்கு மச்சான்" என்று வாங்கிக்கொள்கிறார். பழைய செட் உடைக்கப்படுகிறது. கோடு போட்ட சட்டைக்காரர்கள் கோப்பையை வெல்கிறார்கள். எல் போர்டு அவர்களின் பரம்பரை ரசிகராகிறார். இதில் எனக்குப் பிடிக்காதது, எல்லோரும் சந்தோஷமாக இருப்பது.

இரண்டாவது: தங்கைக்குத்தான் தெரியும். ஐந்து வருஷமாகக் கழுவுகிறாள். பூச்சு தேய்ந்து மஞ்சள் தலைகாட்டிய அன்றே பார்த்துவிட்டாள். அது என்னவென்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது; அண்ணனைத் தெரியாதா? கணவரிடம் சொல்லவில்லை. ரகசியக் குறியீடு போட்ட விடைத்தாளைப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்பது அவள் ஆபீஸில் பழகிய பழக்கம். இந்த முடிவில் அவள் அலமாரிப் பக்கமிருந்து திரும்பாமலேயே, "பழசே இருக்கட்டுங்க. எதுக்கு மாத்தணும்?" என்கிறாள்.

மூன்றாவது: மாப்பிள்ளை செட்டைத் திருப்பி, வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்துவிட்டு, ஏமாந்த குரலில் கேட்கிறார்:

"இதுல ஒண்ணுமே இல்லையே மச்சான்?"

நான் நான்காவதாக ஒன்றையும் யோசித்தேன். அதில் பல்காரர் எல்லாவற்றையும் கண்ணீரோடு ஒப்புக்கொள்கிறார், மாப்பிள்ளை தழுவிக்கொள்கிறார், பின்னணியில்— [வேண்டாம். கட்டிப் பிடித்தால் அவர் அடிப்பார் என்று ஏற்கனவே எழுதியிருக்கிறேன்.]

7

ஐந்தாவது தடவை நேற்று. போட்டி இன்றைக்குத் தொடங்குகிறது. என் செட்டைப் பல்காரரே போட்டுவிட்டார். வாய் முதன்முறையாகக் காலி. மாவு இல்லை, விரல் இல்லை. நான்கு தடவையாக அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "அவர் என்ன சொன்னார்? நீங்கள் ஒப்புக்கொண்டீர்களா?" என்றுதான் கேட்டேன். புதுப் பல்லுக்கு நடுவில் அது ஒரு நீண்ட விசிலாக வந்தது.

"பேச்சு ரெண்டு நாள்ல சரியாயிரும் சார்" என்றார். "பேப்பரைச் சத்தம் போட்டுப் படிங்க."

நான் அவர் கையைப் பிடித்து, பின்னறைப் பக்கம் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்தார். அந்தச் சின்ன டப்பா உள்ளே இருந்தது. புது செட் அதற்குள்ளேயே இருந்தது, ஈரம் படாமல்.

"போட மாட்டேன்னுட்டான் சார். பழசுதான் போட்டிருக்கான்." டப்பாவை மூடினார். "நாளைக்கு மேட்சுக்கு வரச்சொல்லிருக்கான். சீக்கிரம் போகணும்."

அவ்வளவுதான் சொன்னார். சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நான் இப்போது அவரைப்போலவே வாயைப் பார்க்கப் பழகிவிட்டேன். கண்ணைப் பார்த்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும்.

மாப்பிள்ளை ஜன்னலோரம் நின்று என்ன சொன்னார் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கொடுத்திருக்கிறேன், நான்காவது உங்களுடையது. என்னைவிட உங்களுக்குக் கால்பந்தும் தெரியும், அநேகமாக மாப்பிள்ளைகளையும் தெரியும்.

இன்று காலை என் செட்டைக் கழற்றி, துடைத்து, அண்ணத்தில் ஒட்டுகிற பக்கத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் நாள் நான் சொன்ன "ம்ம்"முக்கு அவர் எந்த அணியை நினைத்திருப்பார் என்று ஒரு ஆசை.

ஒன்றும் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டும் ஒரு தடவை பார்த்தேன்.